பெயிண்ட் அறைப் பூட்டு

14.8.2008, வியாழன்

கும்மிடிப்பூண்டி கம்பெனியின் பெயிண்ட் அறைக்கு நான் ஒரு மின்னணுப் பூட்டு செய்துகொடுத்திருந்தேன். பேட்டரி தீராமலிருக்க அதன் சிப் தூங்கிவிடும். வெளியே கார்டு காட்டினால் விழித்துக்கொள்ளும்.

இன்று மதியம் கார்டு காட்டிக் கதவைத் திறந்தால், பெருக்கும் முனியம்மாள் உள்ளே பெயிண்ட் நெடியில் சுருண்டு கிடக்கிறார். யாரோ திறந்தபோது பின்னாலேயே நுழைந்திருக்கிறார். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கார்டு கிடையாது.

"உள்ள கீற பட்டன அமுத்திக்கினே இருந்தேன் நைனா. தொறக்கவே இல்ல."

தூங்கும் சிப்புக்கு அந்தப் பட்டன் தெரியாது. நான் சோதித்தபோதெல்லாம் நுழைந்த கையோடு அழுத்தினேன். அப்போது அது விழித்திருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேள நீ வந்த. இத்த செஞ்சவன் உருப்படுவானா?"

"மாட்டான்மா" என்றேன்.