சிக்னலில் ஆஃப் ஆகும் சிவப்புக் கார்

வாளையார்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். கடல் தாண்டிப் போன நீ அங்கே சுகமா என்று எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன் அம்மிணி, எனக்குப் பதில் வேண்டும். போன் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன கடுதாசி என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போதெல்லாம் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, மாப்பிள்ளையும் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் நீ வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு அங்கேயே வைத்துக்கொள், வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

ஊர்ச் செய்தி என்றால், மழை மேகம் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. மலையிலிருந்து யானை இறங்கி நம் நேந்திரன் வாழையில் ஒரு வரிசையைச் சாய்த்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தைத் தொடவே இல்லை. ஏனுங்க, நம்ம ஊட்டு வாழை அத்தனை ருசின்னு இப்பத்தான் தெரியுது என்று அம்மா சிரிக்கவும் செய்தாள், திட்டவும் செய்தாள். சித்தப்பா மகள் தமிழ்ப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, அக்கா வருவாங்களா பெரியப்பா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். செக்போஸ்ட்டில் லாரிகள் வழக்கம்போல நிற்கின்றன, நம் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குக் குறைவில்லை.

இனி கார் விஷயம். மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வைத்திருக்கும் அந்த இரண்டு சீட் சிவப்புக் காருக்கு உன்னைவிட வயது அதிகம். அவர் ரயிலில் போவதால் நீதான் அதில் வேலைக்குப் போகிறாய். மாமா, உங்க பொண்ணுக்குக் கிளட்ச் விடவே தெரியலீங்க, சிக்னல்ல நின்னாப் போதும், வண்டிய ஆஃப் பண்ணிப்போடறா என்று அவர் முதலில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். செக்போஸ்ட் லாரிகளுக்கு நடுவே நம் பழைய ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தவள் நீ, டிரைவர்களே ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஆனால் அடுத்த வாரம் நீயே, நாந்தானுங்கப்பா வண்டியக் கெடுத்துப்போட்டேன் என்றாய். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளக் மாற்றச் சொன்னேன், பிரயோஜனமில்லை. எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டிலைக் கழற்றிக் கரி எடுக்கச் சொன்னேன், கொஞ்ச நாள் ஓடி மறுபடி நடுங்கி ஆஃப் ஆனது. வண்டியப் பாக்காம வைத்தியம் சொன்னா இப்படித்தானுங்க என்று நம் எலெக்ட்ரீஷியன் மாரப்பன் என்னைக் கிண்டல் செய்தான். அதனால்தான் பானட்டைத் திறந்து வைத்து எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். நீ அனுப்பியதைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருசேர நிமிர்ந்தோம். ஏறி இறங்கும் எஞ்சின் சத்தத்துக்குள்ளே மெல்லிசாக ஓர் உஸ் கேட்கிறது. காற்று இழுக்கும் பாதையில் எங்கேயோ ஒரு ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருக்கிறது, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஸ்டார்ட் செய்த புதிதில் பெட்ரோல் கூடுதலாகப் போவதால் தெரியாது. சூடானதும் பெட்ரோல் குறையும், வண்டி சும்மா நிற்கும்போது திணறி ஆஃப் ஆகும். ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓட்டினால் சமாளித்துக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு ஹோஸ் மேலும் கொஞ்சம் சோப்புத்தண்ணீர் அடித்தால், எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. அங்கே ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொல், பெரிய வேலையில்லை. அதுவரை அந்தக் காரில் டிராம் பாதையைத் தாண்டாதே, நடுவில் நின்று தொலைத்தால் என்ன செய்வாய்.

இதோடு முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் எஞ்சின் ஆஃப் ஆன பிறகும் அந்தப் பதிவு ஓடியது. நீ அணைக்க மறந்தாயோ, வேண்டுமென்றே விட்டாயோ எனக்குத் தெரியாது. பானட்டை ஓங்கி அறைகிற சத்தம், பிறகு பூபதிராஜாவின் குரல். இனி மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை. தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது, நீ தொட்டது எது உருப்பட்டிருக்கு, உங்கப்பன் ஊட்டு லாரின்னு நெனச்சியா என்றார். அதற்குமேல் சொன்னதை எழுதக் கூசுகிறது. நீ, தப்பு என்னுதுதானுங்க, தப்பு என்னுதுதானுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்புறம் ஏதோ விழுந்த சத்தம், அதன்பின் உன் குரலே இல்லை. மாரப்பன் எழுந்து வெளியே போய்விட்டான், அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் மறைக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவளும் கேட்டாள். ஏனுங்க, எம்பொண்ணு தப்புப் பண்ணுனாலே ஒத்துக்கமாட்டாளே, இப்படிப் பேச எப்பக் கத்துக்கிட்டா என்றாள். அந்தப் பதிவை மறுபடி ஒருதரம் முழுசாகக் கேட்டேன் அம்மிணி.

எஞ்சினோடு ஆயுசைக் கழித்தவன் சொல்கிறேன், கேள். ஐட்லிங் என்றால் யாரும் எதையும் மிதிக்காதபோது வண்டி தானாக ஓடுவது. அப்போது நின்றுபோகிற வண்டிக்கு ஓட்டுகிறவள் எப்படிப் பொறுப்பாவாள்? நீ அனுப்பிய பதிவில் நீ காருக்குள்ளேயே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாய். வண்டி அதுவாக நின்றது. அதற்குத்தான் நீ தப்பு என்னுது என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

அனுசரித்துப் போ என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. ஊர் என்ன பேசும் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவு உன்னுடையது, அவசரப்படுத்தவில்லை. பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வேலை செய்யும் இடத்தில் வைத்துக்கொள். மறுபடி கை ஓங்கினால் எங்கள் யோசனைக்குக் காத்திராதே, அங்கே போலீஸைக் கூப்பிடு. நீ கிளம்பி வர நினைத்தாலும், நான் அங்கே வரவேண்டும் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லார் முன்னாலும், நம்ம ஜீப் ஓடுதுங்களாப்பா என்று மட்டும் கேள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாகாளியம்மன் உன் கூடவே இருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே ஆனியில்தான் குளிர்காலமாமே, காதை மூடிக்கொண்டு போ. அம்மா உன் அறையைக் கூட்டித் துடைத்து ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். நீ கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஜீப் நன்றாக ஓடுகிறது.

இப்படிக்கு,
உன் அப்பன்
மோகனசுந்தரம்