மகாராஜாவின் சாப்பாட்டு சார்ட்

அன்பு மருமகள் வாண்டுவுக்கு,

நாலு சக்கர வாகனப் பயிற்சியில் முப்பத்தோரு வருட அனுபவமும், மாணவர்கள் இடித்த ஏழு மதில் சுவர்களும், அவற்றில் ஒன்றில் முறிந்த ஒரு விலா எலும்பும் உடைய உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நலம், உன் நலமறிய ஆவல். இனி நான் சொல்லப்போகும் கதையை மூன்று உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இந்தப் பேனாவின் மீது ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். நீயும் நம்ப வேண்டாம். கடைசி வரை படித்தால் போதும்.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று கேட்பாய். என் போன் என்னிடம் இல்லை. உன் அம்மாவிடம் இருக்கிறது. ஒன்பது நாளாகத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள். அதற்கு மூலகாரணம் நீதான்.

நீ செய்துகொண்டிருக்கும் விளையாட்டை எனக்கு அனுப்பி, மாமா, பாதிதான் முடிஞ்சிருக்கு, ஆடிப் பாத்துச் சொல்லு, பேய் விளையாட்டு, அம்மாகிட்ட மட்டும் காட்டிடாதே என்று எழுதியிருந்தாய். நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்தேன். பேயைக் காணோம். ஒரு முட்டை இருந்தது. அது பொரிந்து, கம்பளிப் பந்துக்குக் கண் வைத்தது போல ஒரு குட்டி வெளியே வந்தது. அதற்கு ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு கதவு. கீழே மூன்று பொத்தான்கள்: ஊட்டு, குளிப்பாட்டு, தூங்கவை. பெயர் கேட்டது. மகாராஜா என்று வைத்தேன். வைக்கும்போது பெரிதாக வைப்போமே!

ஊட்டு பொத்தானை அழுத்தினால் என் பக்கமிருந்து ஒரு ஸ்பூன் நீளும். ஊட்டினேன், சிரித்தது. மறுபடி ஊட்டினேன், இன்னும் சிரித்தது. ஆறாவது வாய்க்குச் சிரிப்பு முகத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. சரி, வயிறு நிறைந்துவிட்டது போல என்று நிறுத்தினால், சுவரில் ‘நீ எங்கே?’ என்று எழுத்து. திரும்ப ஊட்டினால் ஜன்னல் ஒரு விரற்கடை சின்னதாகிறது. குளிப்பாட்டினால் முடி கொட்டுகிறது. தூங்கவைத்தால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறது. செய்தாலும் தப்பு, செய்யாவிட்டாலும் தப்பு. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று மூன்றை வைத்தே ஊரை ஆண்டவன் நான். இந்த மூன்று பொத்தானிடம் தோற்றேன்.

மூன்றாம் நாள் நடந்ததைக் கேள். என்னிடம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் கார் பழகுகிறார். ஆள் மலை மாதிரி, ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் குழந்தை மாதிரி அழுவார். சிக்னலில் நின்றோம். போன் முன்னால் நிறுத்தி வைத்திருந்தது. மகாராஜா மெதுவாக எழுந்து வந்து, என் பக்கமிருந்து ஸ்பூனைப் பிடுங்கி, கண்ணாடிக்கு நேரே நீட்டி, ‘வாயைத் திற’ என்றது. வாண்டு, நான் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்து, என்ன சார், பல்லு வலியா என்றார். பதில் சொல்வதற்குள் அவர் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார், வண்டி நின்றுபோனது. பின்னால் நாற்பதாயிரம் வாகனங்கள். அடித்த ஹாரனில் வானத்தில் இருந்த மேகமெல்லாம் கலைந்து ஓடிவிட்டது. அன்று பெய்ய வேண்டிய மழை பக்கத்து ஊரில் பெய்ததாகக் கேள்வி.

இனி உன் அம்மா விஷயம். அவள் அடிக்கும் போனை நீ எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை அடிப்பாள். சாப்பிட்டியா, குளிச்சியா, தூங்கினியா என்று கேட்பதற்கு மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருப்பாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அந்த மூன்று கேள்விகளையும் சமீபத்தில் எங்கோ பார்த்தோமே என்று நான் ரொம்ப நாள் குழம்பினேன். உன் மாமனுக்கு மூளை எப்போதும் இரண்டாவது கியரில்தான் ஓடும்.

சனிக்கிழமை காலை போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். சத்தியமாகக் காட்டவில்லை, வைத்தேன். அவ்வளவுதான். மகாராஜா அழுதது. முப்பத்துநாலு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள் காதில் அழுகுரல் விழுந்தால் என்ன ஆகும்? நான் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு சார்ட் தயார். ஃபிரிட்ஜில் ஒட்டியாயிற்று. ஏழு மணி உணவு, எட்டு மணி குளியல், ஒன்பது மணி மறுபடி உணவு. கடைசிக் கட்டத்தில் குறிப்பு: ‘முகத்தில் லேசான சிரிப்பு’, ‘வயிறு உப்பல்’, ‘கூப்பிட்டால் பார்க்கிறது’. டேய், இத இப்படியாடா பட்டினி போட்டு வச்சிருப்ப, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று எனக்கு அரை மணி நேரம் அர்ச்சனை. எனக்கு ஒரு வேளை டீ கூட வரவில்லை, வாண்டு!

இரண்டே நாளில் மகாராஜா எப்படி வளர்ந்தது என்றால், போனைத் தூக்க நானும் மாடிவீட்டு வக்கீலும் அவர் மாப்பிள்ளையும் தேவைப்பட்டோம். மேஜை நடுவில் வளைந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் மேல்கூரை இறங்குகிறது என்று பெட்டி கட்டினார்கள். திரையில் அறை தெரியவில்லை. ஜன்னல் தெரியவில்லை. ஒரே ஒரு கண், கண்ணாடியில் அப்பிக்கொண்டு, இமைக்காமல். அதன் முதுகுக்குப் பின்னால் கதவின் ஒரு ஓரம் மட்டும்.

உன் அம்மா சார்ட்டைக் கையில் எடுத்தாள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். நேரத்துக்கு நேரம் குடுத்தேனே, ஒரு வேளை தவறலையே, அப்புறம் ஏன்டா இப்படி ஆச்சு என்று கேட்டாள். சண்டைபோடும் குரலாக இருந்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். இது அப்படி இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

திரைமேல் குனிந்து பார்த்துவிட்டு, இது அவ செஞ்சதா என்றாள். இல்லவே இல்லை, இது வெளிநாட்டுச் சரக்கு என்று புளுகினேன். புளுகாதடா, அந்தக் கதவோட கைப்பிடிய பாரு என்றாள். பார்த்தேன். ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அறைக் கதவில் தொங்குகிறதே, நான் பத்து வருடமாகச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அதே கைப்பிடி. ஆணிகூட அதே பக்கம்.

அப்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா, என் வண்டியில எனக்குன்னு தனியா ஒரு பிரேக் இருக்கு, தெரியுமில்ல? முப்பத்தோரு வருஷமா என் கால் அதுமேலதான் இருக்கு. மிதிச்சுக்கிட்டே இருந்தா எவனும் ஓட்டக் கத்துக்க மாட்டான். மிதிக்காம இருக்கத்தான் எனக்குச் சம்பளம் என்றேன். மிதிக்கலன்னா மோதிடாதா என்றாள். சில சமயம் மோதும், ஏழு சுவரு போச்சு, ஆனா ரெண்டாயிரம் பேரு ஓட்டுறாங்கல்ல என்றேன்.

ஒன்பது மணி ஆயிற்று. மகாராஜா அழுதது. அவள் கட்டைவிரல் ஊட்டு பொத்தானுக்கு மேலே, ஒரு அரிசி இடைவெளியில் நின்றது. மகாராஜா கத்தியது, சுவரெல்லாம் ‘நீ எங்கே’ என்று எழுதியது. இங்கேதான் இருக்கேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் அழுத்தவில்லை. பத்து மணியும் போயிற்று. கண் கொஞ்சம் பின்வாங்கியது. மதியத்துக்குள் முகம் தெரிந்தது, பிறகு ஜன்னல், பிறகு முழுக் கதவு. பழையபடி கம்பளிப் பந்து அளவுக்கு வந்ததும் மகாராஜா ஸ்பூனைத் தரையில் வைத்துவிட்டு, எக்கி, அந்தத் தொங்கும் கைப்பிடியைப் பிடித்துத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். இப்போது திரையில் காலி அறை, ஒரு ஸ்பூன், திறந்த கதவு. நான் ஜெயித்தேனா, தோற்றேனா, விளையாட்டு முடிந்ததா, நீ இன்னும் செய்யாத பாதி இதுதானா, ஒன்றும் விளங்கவில்லை. உன் அம்மா போனைச் சார்ஜில் போட்டு, சாப்பாட்டு மேஜையில் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சாப்பிடும்போது பார்க்கிறாள். என் போனைக் கொடு, மாணவர்கள் தேடுவார்கள் என்று கேட்டால், அது வர்றப்ப யாராவது இருக்கணும்ல என்கிறாள்.

எனவே மருமகளே, இந்த விளையாட்டைச் செய்தவள் நீ, உனக்குத்தான் தெரியும். போன மகாராஜா திரும்பி வருமா? வராது என்றால் அதையும் என்னிடம் சொல், பக்குவமாக அவளிடம் சொல்கிறேன். வரும் என்றால், எப்போது என்று எழுதாதே. அவள் உடனே சார்ட் போட்டுவிடுவாள்.

உன் அறைக் கதவுக்கு நேற்று ஆணி வாங்கினேன். அடிக்கட்டுமா, அப்படியே விடட்டுமா? நீ சொன்னபடி செய்கிறேன். எங்கிருந்தாலும் நூறாண்டு நன்றாக இரு.

கடைசியாக, ஒப்புதல் வாக்குமூலம். மேகம் ஓடியது பொய். மேஜை வளைந்தது பொய், வக்கீலுக்கு மாப்பிள்ளையே கிடையாது. சுவர்கூட ஏழு இல்லை, நாலுதான். ஆனால் உன் போன் ஒன்பது நாளாக அடிக்கவில்லை, கவனித்திருப்பாய். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே. தினமும் எட்டு முறை தன் போனைக் கையில் எடுக்கிறாள், உன் பெயருக்கு மேலே கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், பிறகு கீழே வைக்கிறாள். அது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
போன் இல்லாத உன் மாமா