ஒன்பது வோல்ட்டும் உண்ணாமலையின் ரேடியோவும்

16-11-1983

காலையில் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவன் மதியம் வரை நெய்தது நாலு விரல்கடைதான். அண்ணி கன்னியம்மா எட்டிப் பார்த்து, "கல்யாணம் உனக்கா, தறிக்கா? அது பாட்டுக்கு நின்னுகினு கீது" என்றாள். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அண்ணனிடம் வத்தி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரத்தில் நிச்சயம் ஆயிற்று. பெண் பெயர் உண்ணாமலை. இந்தப் பெயரை எழுதிப் பார்க்கத்தான் இன்று டைரியை எடுத்தேன். என் டைரிதானே, எனக்கென்ன வெட்கம். உண்ணாமலை. உண்ணாமலை.

பெரியவர்கள் தாம்பூலத் தட்டோடு மும்முரமாக இருந்தபோது தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள். மாடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. "இது கரண்டுல பாடுமா?" என்று கேட்டு வைத்தேன்.

"செல்லுதாங்க. வாங்கிப் போட்டு மாளல. சும்மா கீது."

"குடு, கரண்டுல பாட வச்சிடறேன். எங்க வீட்ல எலிமினேட்டர் கீது. கல்யாணத்துக்குள்ள பாடும்."

சொன்னது என் வாய்தான். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புறப்படும்போது மஞ்சள் பையில் ரேடியோ என் கைக்கு வந்துவிட்டது.

17-11-1983

எங்கள் டேப் ரிக்கார்டர் எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. செல்லுக்குப் பதிலாக அதைக் கரண்டில் ஓட்டிய எலிமினேட்டர் டப்பா மட்டும் பரணில் கிடந்தது. தட்டிப் பார்த்தால் மேலே 9 வோல்ட் என்று இருக்கிறது. உண்ணாமலையின் ரேடியோவுக்கு நாலு செல், அதாவது ஆறு வோல்ட். மூன்று அதிகம்.

மூன்றுதானே?

அதே நாள், சாயங்காலம்

பொறுக்க முடியவில்லை. செல் போடும் இடத்தில் இரண்டு வயரையும் நேராகத் தொட வைத்தேன். ஒரு கணம்தான். சத்தமே இல்லை. ஆனால் கருகல் வாசனை. பிடுங்கிவிட்டேன்.

அடுப்படியில் அண்ணி மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். வாசனை ரேடியோவுடையதா, மிளகாயுடையதா? எனக்குத் தும்மல் வந்தது. ரேடியோ கருகினால் தும்மல் வராது. ஆகவே மிளகாய்தான். மிளகாயாகவே இருக்கட்டும் சாமி.

19-11-1983

ஆரணி பஜாரில் ரேடியோ கடை வைத்திருக்கும் ஜெயவேல் என்னோடு படித்தவன். கடை முழுக்கக் கூட்டம், நின்றபடியே கேட்டேன். "வோல்ட்ட எறக்கணும்னா ரெசிஸ்டன்ஸ் போடு. கரண்டு போற வழியில மெல்லிசா, நீளமா ஒரு கம்பி இருந்தா எறங்கிடும்" என்றான். மீட்டர் ஒன்றை இரவல் கொடுத்தான்.

மெல்லிசா, நீளமா. சைக்கிளில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். சூரியகுளம் திரும்பும்போது பொறி தட்டியது. நான் தினமும் கையில் புழங்குவதே அதுதானே. ஜரிகை! பட்டு நூலின்மேல் சுற்றியிருப்பது வெள்ளிக் கம்பி. அதைவிட மெல்லிசு ஊரில் எது? அதைவிட நீளம் எது?

மணவாளா, நீ பெரிய ஆள்.

20-11-1983

ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சியில் ஜரிகையைச் சுற்றி, எலிமினேட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே கட்டினேன். ஒன்பது என்று எழுதியிருக்கும் டப்பா மீட்டரில் பன்னிரண்டுக்கு மேல் காட்டுகிறது. ஜரிகை வைத்தும் அதேதான். இன்னும் சுற்ற வேண்டும் போல.

24-11-1983

இன்னும் சுற்றினேன். முள் அசையவில்லை. இன்னும் சுற்றினேன். புடவை முந்திக்கு எடுத்து வைத்திருந்த ஜரிகையில் பாதி குச்சிக்கு வந்துவிட்டது.

தறியில் இருப்பது அவளுடைய முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. வேறு யாரையும் தொடவிடாமல் நானே நெய்கிறேன். அண்ணி இன்று கண்டுபிடித்துவிட்டாள். "பொண்ணுக்குப் பாதி முந்தி, ரேடியோவுக்குப் பாதி முந்தியா? முகூர்த்தத்துல ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சிக்கோ."

இதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்புதான் வருகிறது. சோறு இறங்கவில்லை, ஆனாலும் பசியில்லை. இது என்ன வியாதி?

4-12-1983

அமாவாசை, தறிக்கு லீவு. தெருவில் எந்தத் தறியும் ஓடவில்லை. டப்பா, குச்சி, ரேடியோ எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஜெயவேலிடம் போனேன். ஜரிகைக் குச்சியைப் பார்த்தவன் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு எழுந்து சிரித்தான்.

"ஜரிகை எறக்கும்டா. ஆனா எதுனா ஒண்ணு கரண்ட இழுத்தாதான் எறக்கும். சும்மா வச்சா எப்டி? இந்த டப்பாவே இழுத்தாதான் பன்னெண்டுலேர்ந்து ஒம்போதுக்கு வரும்" என்று ஒரு டார்ச் பல்பை மாட்டினான். முள் சரிந்தது. ஆக என் ஜரிகை வேலை செய்கிறது! ஆனால் ரேடியோவுக்கு உதவாதாம். சத்தம் கூட்டினால் அதிகம் இழுக்கும், அப்போது வோல்ட் அதிகமாக இறங்கிப் பாட்டு கரகரக்குமாம்.

அவன் சின்ன மிளகு போல நாலு டயோடு எடுத்து வரிசையாகப் பற்றவைத்தான். "ஒவ்வொண்ணும் முக்கால் வோல்ட்ட முழுங்கும். நீ எவ்ளோ இழுத்தாலும் அதே முக்கால்தான்." நாலு முக்கால் மூன்று. பல்பு எரிய, மீட்டர் முள் ஆறில் வந்து உட்கார்ந்தது. ஜெயவேலைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கடைக்கு வந்திருந்த போளூர்க்காரர் ஒருவர் நகர்ந்து நின்றார்.

பல்பைக் கழற்றி ரேடியோவை மாட்டினோம்.

ஒன்றுமில்லை. கரகரப்புகூட இல்லை. முள் மறுபடி மேலே ஏறிவிட்டது.

"இது இழுக்கவே இல்லடா" என்றான் ஜெயவேல். "உள்ள உசிரு இல்ல. நேரா ஒம்போது குடுத்துப் பாத்தியா?"

5-12-1983

அந்த வாசனை மிளகாய் இல்லை.

11-12-1983

ஜெயவேல் ஒரு வழி சொன்னான். இதே மாடல் ரேடியோ ஒன்று அவனிடம் இருக்கிறதாம். உள்ளே இருப்பதை எடுத்து இதற்குள் வைத்துவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாதாம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தால் உண்ணாமலை சொம்போடு கண்ணில் வந்து நிற்கிறாள். வாழ்நாள் முழுக்க அந்த ரேடியோ பாடும்போதெல்லாம் நான் திருடன் மாதிரி முழிக்கணுமா? வேணாம்டா சாமி. பொய்யன்னு தெரிஞ்சா மூஞ்சியப் பாப்பாளா? வாய்ச்சவடால்னு தெரிஞ்சா மட்டும் பாப்பாளா?

திரும்பப் போய் வேண்டாம் என்றேன். ஜெயவேல், "பேஜாரு புடிச்சவன்டா நீ" என்றான்.

18-12-1983

குச்சி ஜரிகையைப் பிரித்து முந்தியில் நெய்ய ஆரம்பித்தேன். வெள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான்.

3-1-1984

அமாவாசை. தறி இல்லை. புடவைக் கரைக்கு மாதிரித் துண்டு காட்டப் போகிறேன் என்று பொய் சொல்லி மஞ்சள் பையோடு தேவிகாபுரம் பஸ் ஏறினேன். அண்ணி நம்பவில்லை. "ஜல்தியா வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

மாமனார் கழனிக்குப் போயிருந்தார். மாமியார் காபி போட உள்ளே போனார். உண்ணாமலை கதவோரம் நின்றாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்து போயிற்று.

"ரேடியோவ நான் கெடுத்துட்டேன். ஆறு வோல்ட் ரேடியோவுக்கு அவசரப்பட்டு ஒம்போது குடுத்துட்டேன். செத்துப் போச்சு. எனக்கு இந்த வேலை தெரியாது. சும்மா சொன்னேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய தினுசே வேறு.

"அது ரெண்டு வருசமாப் பாடலைங்க."

"செல்லு போட்டு மாளலன்ன?"

"செல்லு போட்டுப் போட்டுப் பாத்தோம், பாடல. சும்மா கீதுன்னு சொன்னேனே."

"பின்ன இன்னாத்துக்குக் குடுத்த?"

கதவின் தாழ்ப்பாளைத் திருகினாள். "சாமான் எதுனா உங்க கைல இருந்தாதான திருப்பிக் குடுக்க வருவீங்க? இல்லன்னா கல்யாணம் வரிக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாப்பீங்களா?" பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒரு வாரத்துல வருவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். மார்கழியே முடியப் போவுது" என்றாள்.

காபி வந்தது. சர்க்கரை இருந்ததா தெரியாது.

திரும்பும்போது ஏறியது வேலூர் பஸ். ஆரணியில் இறங்க மறந்து கண்ணமங்கலம் வரை போய்விட்டேன். கண்டக்டர், "இன்னாய்யா, தூங்கிட்டியா?" என்றார். முழுக்க விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

7-2-1984

நேற்று கல்யாணம். முழு முந்தி. எழுத நேரமில்லை.

10-6-1984

ரேடியோவை ஜெயவேல் போன மாதம் திறந்து பார்த்தான். உள்ளே ஒரே ஒரு வயர் சுவிட்சை விட்டு அறுந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். நான் கொடுத்த ஒன்பது உள்ளே போகவே இல்லை; வாசனை மிளகாய்தான். பற்றவைத்ததும் பாடிவிட்டது. நாலு டயோடையும் எலிமினேட்டர் டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடி, அடுப்படியில் மாட்டிக் கொடுத்தேன். இப்போது அண்ணியும் உண்ணாமலையும் பாட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள்.

இன்று எதிர்வீட்டுப் பெண் பூங்காவனம் வந்து உண்ணாமலையிடம் ஏதோ குசுகுசுத்துவிட்டுப் போனது. அந்தப் பெண்ணுக்கு வந்தவாசிப் பையனோடு வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம்.

அது போனதும் உண்ணாமலை ரேடியோவை நிறுத்தினாள். மஞ்சள் பையை உதறி எடுத்தாள்.

"என்னங்க, பூங்காவனத்துக்கு வேணுமாம். உள்ள ஒரு வயரு அறுந்து இருந்திச்சே, அத மறுபடி அறுத்துக் குடுங்க."

போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தேன்.