எண்ணி முடிக்கிற எல்லை

திருக்காட்டுப்பள்ளி,
ஐப்பசி 20.

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆவல் எங்கே, பயம்தான் இருக்கிறது. போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். சம்பா நட்டாயிற்று, நட்ட மறுநாளிலிருந்து மழை, உங்கப்பா மண்வெட்டியும் கையுமாக வாய்க்கால் தலைப்பிலேயே நிற்கிறார், வீட்டுக்குள் வந்தால் நீ பேசினாயா என்றுதான் முதலில் கேட்கிறார்.

போன மாதம் நீ எல்லை கிடைச்சிடுச்சும்மா என்று கத்தினதும், ஆராய்ச்சி முடிந்தது, பட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்துவிட்டேன். பிறகுதான் உன்னோடு தங்கியிருக்கிற மன்னார்குடிப் பெண் ரிஃப்கா எனக்கு விளங்கும்படி சொன்னாள். உன் சமன்பாட்டுக்கு முழு எண்ணாக வருகிற விடைகள் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும், இந்த எண்ணைத் தாண்டி விடையே கிடையாது என்று நீ நிரூபித்துவிட்டாய், அதற்குள் தேடினால் போதும், ஆனால் அந்த எண் அத்தனை பெரிசு, கம்ப்யூட்டரை உன் ஆயுசு முழுக்க ஓடவிட்டாலும் தேடித் தீராதாம். அந்த எல்லையைக் குறைக்கத்தான் நீ மல்லுக்கட்டுகிறாய். நடவில் என் மூக்குத்தி விழுந்ததே, இந்த வயலில்தான் என்று தெரிந்ததால் சேற்றை அலசி எடுத்தோம். கல்லணைக்கும் கடலுக்கும் நடுவில் ஏதோ ஒரு வயல் என்றால் யாரால் அலச முடியும். உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது கண்ணு.

ஆனால் அந்த ஜெர்மனிக் குளிரில் நீ சோறு பொங்கி வாரமாகிறது, ரொட்டியைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாய், தனியாக அழுகிறாய் என்று ரிஃப்கா சொன்னதிலிருந்து உலையில் அரிசி போடும்போதெல்லாம் உன் நினைப்புதான். சொன்னதற்காக அவளோடு சண்டைக்குப் போகாதே. எல்லை குறைகிற வரைக்கும் ஊருக்கு வரமாட்டேன் என்றாயே, எப்போது குறையும் என்று கேட்டால் தெரியாது என்கிறாய். கேசரி தின்றவர்கள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், பட்டம் இல்லாமல் வந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான். சுவர் இருந்தால்தான் சித்திரம். தலைக்கு எண்ணெய் வை, ஒரு வேளையாவது சோறு பொங்கு.

குலசாமி உன்னைக் காக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றுக்கு மட்டும் மறக்காமல் பதில் போடு. எந்த நாள் வருவாய் என்று நான் கேட்கவில்லை. இதைத் தாண்டாது என்று ஒரு நாள் சொல், போதும். அது நான் எண்ணி முடிக்கிற நாளாக இருக்கட்டும்.

உன் அம்மா
அம்சம்