தமிழினியின் செருப்பு அளவு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? சூளைச் சூட்டில் நின்றுவிட்டு உடனே குளிக்காதீர்கள். ஜெர்மனியில் குளிர் குறைந்துவிட்டது, நான் நன்றாக இருக்கிறேன்.

நம் மகள் தமிழினியின் செருப்பை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். நான் கிளம்பும்போது அவள் பாதத்தைக் களிமண் தகட்டில் பதித்து, சுட்டுத் தந்தீர்களே, அதை அளந்துதான் வாங்கி அனுப்பினேன். சுடும்போது மண் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சுருங்காது. தகடாகத் தேய்த்த திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் சுருங்கும். இங்கே என் ஆராய்ச்சியே அதுதான் என்பதால், நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டேன்.

"இது யாருக்கும்மா வாங்குன? பக்கத்து வூட்டுப் பாப்பாவுக்கா?" என்று அவள் போனில் கேட்டபோதுதான் உறைத்தது. மண் சுருங்கியதைச் சேர்த்த நான், பிள்ளை இரண்டு வருடம் வளர்ந்ததைச் சேர்க்கவில்லை.

அதன் பிறகு அவள் போனுக்கே வருவதில்லை. பரீட்சை நேரம், படிக்கிறாள் என்று நீங்கள் சொல்வதை நம்பிக்கொள்கிறேன்.

கொஞ்சம் குழம்புத்தூள் அனுப்புங்கள். கூடவே அவள் பாதத்தை ஒரு தாளில் வைத்துக் கோடு வரைந்து அனுப்புங்கள். நான் கேட்டதாகச் சொல்லாதீர்கள், காலைத் தர மாட்டாள்.

ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
வேல்விழி