பாங்கு நேரத்து ஷிப்டு

ஜனவரி 19, ஞாயிறு

ஜனவரி பிறந்தால் போதும், அலுவலகத்தில் எல்லோருக்கும் என் மேல் திடீரென்று பாசம் பொங்கும். லிஃப்டில் ஏறினால், "நெவீன் மேடம், இன்னிக்கு ரொம்ப அழகா இருக்கீங்க. இந்த வருஷம் சம்பளம் எவ்வளவு ஏறும்?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள்.

கெய்ரோவில் இருக்கும் இந்த பர்கர் கம்பெனியின் சம்பளமும் சலுகைகளும் என் பொறுப்பு. யாருக்கு என்ன இன்ஷூரன்ஸ், எத்தனை நாள் விடுப்பு, எப்போது போனஸ் என்று ஆண்டுத் திட்டம் போடுவது என் வேலை. இன்று நிதித் தலைவர் மம்தூஹ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ரமலான் பெருநாள் போனஸைப் பெருநாளுக்கு முன்னால் கொடுக்கக் கூடாதாம். இரண்டு மாதம் கழித்துத்தான் தர வேண்டுமாம்.

"வருஷா வருஷம் போனஸை வாங்கிக்கிட்டு பாதிப் பேர் கம்பி நீட்டுறான் மேடம். புது ஆளைப் புடிச்சு, பன்னுல வெள்ளரிக்காயை எந்தப் பக்கம் வைக்கணும்னு கத்துக் கொடுக்குறதுக்குள்ள அடுத்த ரமலான் வந்துடுது."

"பெருநாள் முடிஞ்சு கொடுத்தா அதுக்குப் பேரு பெருநாள் போனஸா?"

"சரி, நீங்களே ஒரு வழி சொல்லுங்க. மாசக் கடைசிக்குள்ள."

ஏன் வாயைத் திறந்தேன்?

ஜனவரி 22

சளி. மூளையும் அடைத்துக்கொண்டது.

ஜனவரி 26

ஷுப்ரா கிளைக்குப் போனேன். அங்கே ஷிப்டு மேற்பார்வை பார்க்கும் சப்ரீன், பேசினால் எதிரே இருப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும், அப்படி ஒரு பெண். அம்மா அப்பாவுக்கும் மருத்துவச் செலவு கொடுத்தால் ஆட்கள் வேலையில் இருப்பார்களா, சாப்பாட்டுக் கூப்பனைக் கூட்டினால் இருப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"கூப்பனா? மேடம், தினம் இந்த பர்கரையே தின்னு தின்னு என் வேர்வையிலகூட வெங்காய சாஸ் வாசம். என்னைப் பொண்ணு பார்க்க வந்தவன் அதை மோந்துட்டு ஒரு பார்சல் சொல்லிட்டான்!"

சிரித்து முடித்ததும் கேட்டேன். "அப்புறம் ஏன்தான் போறாங்க?"

அவள் கவுண்டரைத் துடைத்தாள்.

"ரமலான் மேடம். சாயங்காலம் மசூதியில பாங்கு சொல்ற நேரத்துலதான் ஊரே பார்சலுக்கு நிக்கும். மாசம் முழுக்க நின்னுக்கிட்டேதான் நோன்பு திறப்போம். வீட்டுல என் தட்டை வெச்சு மூடியிருப்பாங்க. நான் போய்ச் சேர்றப்போ எல்லாரும் சாப்பிட்டு, டி.வி. முன்னால சாஞ்சிருப்பாங்க. பெருநாள் வரும்போது மனசு விட்டுப்போகும். போனஸ் வாங்கிட்டு ஓடுறாங்கன்னு மேல இருக்கறவங்க சொல்றாங்க. ஓடணும்னு எப்பவோ முடிவு பண்ணினவங்க, போனஸுக்காக இருக்காங்க, அவ்வளவுதான்."

மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. தோன்றவில்லை.

ஜனவரி 27

இரவுச் சாப்பாட்டின்போது அத்தெஃபிடம் சொன்னேன். என் கணவருக்கு எல்லாமே எளிது.

"வாரத்துல ஒரு நாள் அவங்களை வீட்டுக்கு அனுப்பு. அவங்க இடத்துல நீங்க போய் நில்லுங்க."

"யாரு நாங்க?"

"தலைமை அலுவலகம்தான். நாலு மாடி நிறைய ஆளு இருக்கீங்களே, யாராவது ஒருத்தருக்கு பர்கர் செய்யத் தெரியுமா?"

கிண்டலாகத்தான் சொன்னார். நான் தட்டைத் தள்ளிவிட்டு நோட்டை எடுத்தேன்.

ஜனவரி 30

கூட்டம். என் திட்டத்தைச் சொன்னேன்: ரமலானில் கெய்ரோக் கிளைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு மாலை சம்பளத்தோடு விடுப்பு, வீட்டில் நோன்பு திறக்க. காலியாகும் இடத்தில் நாங்கள். அலுவலக முஸ்லிம்கள் மாதத்தில் ஒரே ஒரு மாலை வந்தால் போதும். என்னைப் போன்ற கிறிஸ்தவர்கள் கூடுதலாக நிற்போம்.

மம்தூஹ் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கணக்குப் பார்க்கிற கையால உருளைக்கிழங்கு பொரிக்கச் சொல்றீங்க!"

முதலாளி ஃபிக்ரி பே விழுந்து விழுந்து சிரித்தார். "பொரிச்சுத்தான் பாரேன் மம்தூஹ். மானேஜர்னு சொல்லிக்கிட்டு இருபது வருஷமா விக்கிறோம், ஒண்ணைக்கூட நாம பொரிச்சதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "செஞ்சு பாருங்க. ஆனா பெருநாளுக்கு அப்புறம் போன வருஷம் மாதிரியே ஆளுங்க போனா, அடுத்த வருஷத்துல இருந்து மம்தூஹ் சொல்ற மாதிரிதான். போனஸ் தள்ளித்தான் வரும்."

ஒப்புக்கொண்டேன். ஆயிரக்கணக்கானவர்களின் பெருநாள் போனஸைப் பணயம் வைக்க நான் யார்? சப்ரீனிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

பிப்ரவரி 11

யாருமே பெயர் கொடுக்கவில்லை. விளம்பரப் பிரிவில் ஒருவனுக்கு எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாதாம். பர்கர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு! இன்னொருத்திக்கு அந்த மாதம் முழுக்க மாமியார் வீட்டு விருந்தாம். எல்லாருக்கும் ஒரு சாக்கு இருக்கு. எனக்குத்தான் இல்ல. பைத்தியக்காரி, உனக்கு எதுக்குடி இந்த வம்பு? சம்பளத்தைப் போட்டமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்கக் கூடாதா?

பிப்ரவரி 13

மம்தூஹ் பெயர் கொடுத்துவிட்டார்!

"நீங்க தோக்கறதை நான் கண்ணால பார்க்கணும் மேடம். அதுக்குத்தான்."

அவர் சிவப்புத் தொப்பி போட்டு நிற்பதைப் பார்க்க மதியத்துக்குள் மூன்றாவது மாடி முழுவதும் பெயர் கொடுத்துவிட்டது. எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாதவனும்.

பிப்ரவரி 20

சப்ரீன் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். சட்டப் பிரிவுத் தலைவர் செய்த பர்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குப் பேரு விபத்து" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஷுப்ரா கிளை, என் முதல் மாலை. கால் வலிக்கிறது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

சப்ரீனும் இன்னும் சிலரும் ஐந்து மணி வாக்கில் கிளம்பினார்கள். கதவு வரை போய், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். "நெசமாவே போகவா மேடம்?"

"போடி!"

அதற்குப் பிறகு வெள்ளம்தான். எனக்குத் தவக்கால நோன்பு, இறைச்சி தொடமாட்டேன்; ஆனால் கையெல்லாம் இறைச்சி வாசம். மம்தூஹ் பொரிக்கும் சட்டியோடு மல்லுக்கு நின்றார். தொப்பி அவர் தலைக்குச் சின்னது, நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற டாக்ஸிக்காரர் ஒருவர் அவர் மேல் இரக்கப்பட்டு, "வேலைக்குப் புதுசா அண்ணே? பயப்படாதீங்க, ஒரு வாரத்துல பழகிடும்" என்றார். நான் சாஸ் புட்டியோடு கீழே உட்கார்ந்துவிட்டேன், சிரிப்பு தாங்காமல்.

டி.வி.யில் நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பீரங்கி முழங்கியது. பாங்கு. கடைக்குள் ஒரு கணம் எல்லாம் நின்றது. இறைச்சி சுடும் பையன்கள் ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அப்படியே அடுப்புப் பக்கம் திரும்பினார்கள். மம்தூஹும் ஒரு பழத்தை எடுத்தார். மெல்வதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. கொட்டையை எங்கே துப்புவதென்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பார்சல் கட்டினார்.

கூட்டம் குறைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"மாசம் முழுக்க இப்படியா?"

"ஆமா."

போய்த் தரையைத் துடைத்தார்.

மூடுவதற்கு முன்னால் சப்ரீன் திரும்பி வந்தாள், வேலைக்கு அல்ல. அவள் அம்மா கொடுத்தனுப்பிய பெரிய டப்பா. திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டிய மஹ்ஷி.

"இறைச்சி போடலை மேடம், உங்க நோன்புக்காக. எங்கம்மா இன்னிக்கு என்னைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழ போட்டுட்டாங்க. வேலையை விட்டுத் தொரத்திட்டாங்கன்னு நெனச்சு அழவே ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் சூப்பை எனக்கு மூணு தடவை ஊத்தினாங்க."

நின்றுகொண்டே மஹ்ஷியைத் தின்றோம். மம்தூஹ் என் பங்கிலும் கை வைத்தார்.

மார்ச் 18

மம்தூஹ் இரண்டாவது மாலைக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 26

எல்லோருக்கும் போனஸ் போய்ச் சேர்ந்தது. இனி கடவுள் விட்ட வழி.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெருநாள் விடுப்பு முடிந்து முதல் நாள். வழக்கமாக இன்று என் அறை வாசலில் ராஜினாமா கொடுக்க வரிசை நிற்கும். கதவைத் திறந்தே வைத்து உட்கார்ந்திருந்தேன். இருவர் வந்தார்கள். ஒருவன் ராணுவத்துக்குப் போகிறான். ஒருத்தி கல்யாணமாகி அஸ்வானுக்குப் போகிறாள். போகும்போது அழுதாள்.

மூன்றாவதாக சப்ரீன்.

"நீயுமா?"

"என்னது நானுமா? எங்கண்ணன் எதிர்த்த கோழிக் கடையில இருக்கான் மேடம். அவங்க கடையில நாலு பேரு கேக்கச் சொன்னாங்க, இங்க ஆள் எடுக்குறீங்களான்னு."

எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். வெங்காய சாஸ் வாசம் அடிக்கத்தான் செய்தது.

ஏப்ரல் 13

அடுத்த ஆண்டு எல்லா ஊர்க் கிளைகளிலும் இந்தத் திட்டம். போனஸ் எப்போதும் போலப் பெருநாளுக்கு முன்னால். தீர்மானத்தை முன்மொழிந்தவர் மம்தூஹ். என்னைப் பார்க்காமல் படித்தார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் காலையிலேயே ஏதாவது ஒரு கிளையிலிருந்து, ஆள் இல்லை என்று போன் வரும். இன்று வரவில்லை. விருந்து முடிந்து, அத்தெஃப் இரண்டாவது வாத்துத் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் மணி அடித்தது. மம்தூஹ். பின்னால் ஒரே இரைச்சல்.

"மேடம், பெருவிழா வாழ்த்துகள். பொரிக்கிற எண்ணெயை எப்போ மாத்தணும்?"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ஷுப்ராவுல. இங்க உங்க ஆளுங்க எல்லாம் ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போயிருக்காங்கல்ல?"

"சப்ரீன் பக்கத்துலதானே இருப்பா? அவகிட்ட கேளுங்களேன்."

குரலைத் தாழ்த்தினார். "கேட்டா சிரிப்பா மேடம்."