போலகத்தில் பதிவான கடைசிப் பாட்டு

அன்புள்ள பேஸ் கிட்டார்க்காரா,

நாம் மூவரும் வாசித்த ஜாஸ்-ஃபங்க் பாட்டுகளைத் துபாயில் இருந்தபடி நீ தொகுத்த ஆல்பம் வந்தது. மூன்று நாள் நான் அதைத் தொடவில்லை. கீபோர்டு முருகானந்தம்தான் வீட்டுக்கு வந்து, "பயப்படாம கேளுடா" என்று போட்டுவிட்டான்.

கடைசிப் பாட்டு, காரைக்கால் பக்கம் போலகத்து மாடியறையில் பதிவானது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நீ கையை எடுத்தாய். முருகானந்தமும் எடுத்தான். என் டிரம்ஸ் மட்டும் தனியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்து, உன்னைப் பார்த்து நான் கத்திய வார்த்தை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை. அதை மட்டும் வெட்டியிருக்கிறாய்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பெருநாளுக்குக் காரைக்கால் வருகிறாயாமே. வா, வாசிப்போம். பாங்கு கேட்டால் முதலில் நிற்கப்போவது என் கைதான்.

உன்
டிரம்ஸ்காரன்